ஈரச் சுவரும் என் வயிற்றெரிச்சலும்

என் மனைவிக்கு என் வாடை பிடிக்காமல் போன கதை இது. கல்யாணமாகி ஆறு வருடத்தில் பல வீடுகளில் நடப்பதுதானே என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். எங்கள் வீட்டில் அது மருத்துவ முறைப்படி, டாக்டரின் ஒப்புதலோடு நடந்தது. தேன்மொழிக்கு இப்போது ஆறாம் மாதம். நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் திட்டுகிறாள். "எழுதுங்க. ஆனா என்னைய அழுமூஞ்சியா காட்டக் கூடாது. அழுதது நீங்கதான்" என்று அனுமதி கொடுத்துவிட்டாள். இதே அவஸ்தையில் இருக்கும் பெண்களுக்கு உதவட்டும் என்பது அவள் எண்ணம். அவர்களுடைய கணவன்மார்களுக்கு ஒரு துணை கிடைக்கட்டும் என்பது என் எண்ணம்.

நாங்கள் இருப்பது துவாரகாவில், வாடகை வீடு. எனக்கு விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் வேலை. சரக்கைத் தூக்குகிறவன் என்று நினைத்துவிட வேண்டாம், கணினியின் முன்னால் உட்கார்ந்து வயிற்றை வளர்க்கும் வேலை. தேன்மொழி மந்திர் மார்க் பக்கம் தமிழ்ப் பள்ளியில் கணக்கு டீச்சர். தூத்துக்குடிக்காரி. நான் திருச்சி.

முதல் ஸ்கேன் எடுத்தபோது ஆறாவது வாரம். டாக்டர் மேடம் திரையைப் பார்த்தபடி பொறுமையாக இந்தியில் சொன்னார். கருப்பைக்குள் ஒரு பை தெரிகிறது. அதற்குள் இன்னொரு குட்டிப் பை. நஞ்சுக்கொடி தயாராகும்வரை கருவுக்குச் சாப்பாடு போடுவது அதுதான். எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. இதயத் துடிப்பு மட்டும் இன்னும் தெரியவில்லை. "சில கருவுக்கு இப்பவே தெரியும், சிலதுக்குக் கொஞ்சம் தாமதமாகும். அடுத்த வாரக் கடைசிக்கு மேல திரும்பப் பார்ப்போம்."

இந்த வாக்கியத்தை நாங்கள் முன்பே கேட்டிருக்கிறோம். இரண்டு வருடத்துக்கு முன்பு, இதே கட்டத்தில், வேறொரு டாக்டரிடம். அந்தத் தடவை ஒருநாள் காலையில் அவளுக்குக் குமட்டல் சட்டென்று நின்றுபோயிற்று. சந்தோஷமாகக் கடைக்குப் போய்ச் சோலே பட்டூரே சாப்பிட்டோம். அவள் என் தட்டிலிருந்தும் பிய்த்துச் சாப்பிட்டாள். மறுவாரம் ஸ்கேனில் துடிப்பு இல்லை. குமட்டல் நின்ற அந்த நாளில்தான் எல்லாம் முடிந்திருக்க வேண்டும் என்று அவள் மனதில் பதிந்துவிட்டது. அதிலிருந்து சோலே பட்டூரே கடை இருக்கும் பக்கமே நாங்கள் போவதில்லை.

ஆகவே இந்தத் தடவை அவள் வாந்தி எடுக்க ஆரம்பித்ததும் எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். எடுக்கட்டும், நன்றாக எடுக்கட்டும். எடுத்தாள். தண்ணீர் குடித்தால் எடுத்தாள், எச்சில் விழுங்கினால் எடுத்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாலும் எடுத்தாள்.

"அங்கனயே நில்லுங்க. கிட்ட வராதீங்க."

"ஏன், என்ன பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. நாறுதீங்க."

தேங்காய் எண்ணெயை நிறுத்தினேன். சோப்பை மாற்றினேன். சென்ட்டைக் குப்பையில் போட்டேன். ஒரே நாளில் மூன்று தடவை குளித்து, பிறந்த குழந்தை மாதிரி மணக்க மணக்க வந்து நின்றேன். வாயைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினாள். திரும்பி வந்து ஈனக் குரலில் சொன்னாள்: "வாடை சோப்போடது இல்லங்க. உங்களோடது."

கேஸ் சிலிண்டர் போடும் பையா நாலு மாடி ஏறி வந்து வேர்த்து வழிய நின்றார். அவரிடம் நின்று நிதானமாகப் பேசினாள். எதிர் வீட்டு நாய் வந்து அவள் மடியில் தலை வைத்தது. அதற்கும் அனுமதி. தில்லி மாநகரத்தில் எனக்கு மட்டும்தான் தடை.

ஒருநாள் காலையில் எழுந்து நிற்க முடியாமல் சரிந்தாள். ஆட்டோவில் முன்சீட்டில் டிரைவரோடு ஒட்டிக்கொண்டு நான், பின்சீட்டில் அவள் தனியாக. அப்படித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சிறுநீரைச் சோதித்துவிட்டு உடனே சேர்த்துக்கொண்டார்கள். சாதாரண மசக்கை இல்லை, அதற்குப் பெரியண்ணன், ஹைப்பர்எமெசிஸ் என்றார் டாக்டர். சாப்பாடு கிடைக்காத உடம்பு தன் கொழுப்பையே எடுத்து எரிக்கும். எரிந்த மிச்சம் கீட்டோன் என்று சிறுநீரில் வரும். அது நிறைய வந்தால் உடம்பு வற்றிக் கிடக்கிறது என்று அர்த்தம். சலைன் ஏற்றினார்கள், கூடவே பி விட்டமின், குமட்டலுக்கு ஊசி.

"குழந்தைக்கு?" என்று கேட்டேன்.

"இப்போ அதுக்குத் தேவை ரொம்பக் கொஞ்சம். அம்மா உடம்புலேர்ந்து அது எடுத்துக்கும். காயுறது அம்மாதான்" என்றார். ஃபோலிக் ஆசிட் மாத்திரையை மட்டும் எப்படியாவது உள்ளே தள்ளிவிடச் சொன்னார். ஆரம்ப வாரங்களில் குழந்தையின் மூளையும் தண்டுவடமும் ஒரு குழாய் மாதிரி உருண்டு மூடிக்கொள்ளுமாம், அதற்கு அந்த மாத்திரை காவல், மூன்று மாதம்வரை நிறுத்தக் கூடாதாம்.

இன்சூரன்ஸ்காரரைக் கூப்பிட்டேன். கர்ப்பம் நோய் இல்லை, அதனால் பணம் வராது என்றார். நோய் இல்லாததற்கு இத்தனை ஊசியா என்று கேட்டேன். அச்சா கேள்வி என்று பாராட்டிவிட்டு வைத்துவிட்டார்.

அறையில் இரண்டு கட்டில்கள். அடுத்த கட்டிலில் ஹரியானாப் பெண் ஒருத்தி. அவள் கணவர் மணிக்கணக்கில் உட்கார்ந்து மனைவிக்குக் கால் பிடித்துவிடுவார். நான் வாசல் நிலையோடு ஒட்டி, டிக்கெட் இல்லாத பயணி மாதிரி நிற்பேன். நர்ஸ் சிஸ்டர் மலையாளி. "சாரே, அவிடெ மதி. உள்ளே வரண்டா" அங்கேயே போதும், உள்ளே வர வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுப் போவார். ஹரியானாக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார். வீட்டில் சண்டை போலும் என்று அவருக்கு எண்ணம். அவர் அழுத்துகிற ஒவ்வொரு அழுத்தும் என் வயிற்றில் விழுந்தது.

ஆனால் அவர் என் உண்மையான எதிரி இல்லை. உண்மையான எதிரி மூன்றாம் நாள் வந்தான்.

தாழ்வாரக் கடைசியில் ஒரு சுவரில் ஓதம் ஏறிப் பூச்சு உதிர்ந்திருந்தது. பழையதைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசிக்கொண்டிருந்தார்கள். கேன்டீனில் டீ குடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், கட்டிலில் தேன்மொழியைக் காணோம். நாள்முழுக்கத் தலையைத் தூக்காதவள், சலைன் கம்பத்தை உருட்டிக்கொண்டு போய் அந்த ஈரச் சுவருக்கு எதிரே நிற்கிறாள். கண் மூடியிருக்கிறது. மூச்சை ஆழமாக இழுத்து, மெதுவாக, விட மனமில்லாமல் விடுகிறாள். எங்கள் கல்யாண ஆல்பம் முழுவதும் தேடினாலும் அப்படி ஒரு முகம் கிடைக்காது.

சுவரைப் பூசிக்கொண்டிருந்த கொத்தனார் திரும்பிப் பார்த்தான். முப்பது வயதுக்குள். அகன்ற தோள். வயிறு என்ற உறுப்பே கிடையாது.

"யக்கா, தமிழா நீங்க?"

"ஆமா. நீங்க?"

"திட்டக்குடி பக்கங்க்கா. பேரு வேலு. இங்க நிக்காதீங்க, தூசி. ஒடம்புக்கு ஆவாது."

"எனக்கு இதுதான் ஆவுது. நீங்க பாட்டுக்குப் பூசுங்க. நான் சும்மா நிக்கேன்."

அவன் சிரித்துவிட்டுக் கரணையால் சாந்தை அள்ளிச் சுவரில் வீசினான். சளக்கென்று ஒட்டியது. அந்த ஈர வாசனை என் மனைவியின் முகத்தில் போய் விழுந்ததை நான் பார்த்தேன். அன்று மதியம் அரை டம்ளர் மோர் குடித்தாள். அது உள்ளேயே தங்கியது.

மறுநாள் காலை என்னைப் பார்த்து அவள் கேட்ட முதல் கேள்வி: "வேலு எப்ப வருவாரு?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் என்ன அவனுக்கு பி.ஏ.வா?"

"எரிச்சல் படாதீங்க. அந்தச் சாந்து வாசத்துலதான் கொஞ்சம் மூச்சு விட முடியுது."

சாந்துதானே? ஒரு மனிதனால் அழகான தோளைத் தர முடியாவிட்டாலும் சிமெண்டைத் தர முடியும். ஹார்டுவேர் கடைக்குப் போனேன். ஒரு பொட்டலம் சிமெண்ட் வாங்கினேன். வீட்டில் பழைய டப்பாவில் தண்ணீர் விட்டுக் குழைத்து, கழுத்திலும் முழங்கையிலும் சட்டைக் காலரிலும் தாராளமாகப் பூசிக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தேன். பாதி கட்டிய வீடு மாதிரி இருந்தேன். பரவாயில்லை, குடிபோக ஆள் இருக்கிறது என்று கிளம்பினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி தடுத்தார். "பையா, லேபர் பீச்சே கே கேட் ஸே." வேலையாட்கள் பின்வாசல் வழியாகப் போக வேண்டுமாம். பின்வாசலில் வேலு டீ குடித்துக்கொண்டிருந்தான். என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"அண்ணே, எந்த மேஸ்திரிகிட்ட வேலை?"

"உங்க யக்கா புருஷன்ப்பா நான்."

"ஐயய்ய, தெரியாமப் போச்சுண்ணே! இன்னாண்ணே இது, கழுத்துல கலவ? கழுவுங்கண்ணே, அரிச்சுப்புடும்."

அவன் சொல் பேச்சைக் கேட்பதாவது! விறுவிறுவென்று மேலே போனேன். முதல் தடவையாக வாசல் நிலையைத் தாண்டி உள்ளே அடி வைத்தேன். தேன்மொழி மூக்கை உறிஞ்சினாள். முகம் மலரத் தொடங்கியது. எனக்குள் மேளம் கொட்டியது. அடுத்த நொடியில் சிஸ்டர் தட்டை ஏந்திக்கொண்டு ஓடிவந்தார்.

"சிமெண்ட் நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள், வாயைத் துடைத்துக்கொண்டு. "அதுக்குள்ள நீங்க இருந்தீங்க."

சாயங்காலம் கழுத்து முழுக்கச் சிவந்து தடித்துவிட்டது. வார்டுக்கு வந்த டாக்டர் மேடம் நோயாளியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "யே க்யா ஹுவா?" என்ன ஆயிற்று என்கிறார். எனக்குத் தெரிந்த இந்தியில் வாக்குமூலம் கொடுத்தேன். சுவர், வேலு, வாசனை, டப்பா, எல்லாம். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஹரியானாக்காரர் கால் பிடிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்த டாக்டர் சட்டென்று தேன்மொழியிடம் திரும்பினார். "அந்த வாசனைக்கு தினம் ஏங்குறீங்களா?"

ரத்தத்தை மறுபடி சோதிக்கச் சொன்னார். ஈர மண், சிமெண்ட், சுண்ணாம்பு, இவற்றுக்கு ஆசைப்படுவது சில பெண்களுக்கு இரும்புச் சத்து குறைந்ததன் அடையாளமாம். சேர்க்கும்போது எடுத்த சோதனையில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அப்போது உடம்பில் தண்ணீர் வற்றி ரத்தம் கெட்டியாக இருந்ததால் கணக்கு கூடுதலாகக் காட்டியிருக்கிறது. சலைன் ஏறிய பிறகு உண்மை வெளியே வந்தது. ரத்தசோகை. இப்போது இரும்பு மாத்திரை கொடுத்தால் வாந்தி கூடும், மூன்று மாதம் முடிந்ததும் ஊசியாக ஏற்றிவிடலாம் என்றார். தூசி பறக்கும்போது சுவர்ப் பக்கம் போகக் கூடாது என்றும் சொன்னார். "உங்க வீட்டுக்காரருக்குப் பொறாமை வந்தது நல்லதாப் போச்சு," என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். என் வாழ்க்கையில் என் பொறாமையை யாராவது பாராட்டியது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. வேலு வரவில்லை. சுவரும் காய்ந்து வெளுத்துவிட்டது. என் எதிரிகள் இருவரும் ஒரே நாளில் ஒழிந்தார்கள் என்று வாசலில் தெம்பாக நின்றேன். காலையில் தேன்மொழி ரொட்டித் துண்டு சாப்பிட்டாள். வெளியே வரவில்லை. கஞ்சி குடித்தாள். வரவில்லை. மத்தியானம் ஹரியானாப் பெண்ணுக்கு வீட்டிலிருந்து பூண்டு தாளித்த பருப்பு வந்தது. அறை முழுக்க மணம். தேன்மொழி அசையாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். "இங்க வாங்க."

எனக்குக் காது சரியாக வேலை செய்கிறதா என்று சந்தேகம். "நானா?"

"உங்களத்தான். கிட்ட வாங்க."

போனேன். ஒவ்வொரு அடியும் பயந்து பயந்து. கட்டில் ஓரத்தில் நின்றேன். "உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். என் தோளில் மூக்கை வைத்து இழுத்தாள். மறுபடி இழுத்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் தலைமுடி என் கன்னத்தில் பட்டது. இந்த இடத்துக்காகத்தானே ஒரு மனிதன் சிமெண்ட் பூசிக்கொண்டான்? ஹரியானாக்காரரைப் பெருமையாகப் பார்க்கத் தலையைத் திருப்பினேன்.

"வரல," என்றாள் தேன்மொழி.

"என்ன வரல?"

"வாந்தி. உங்க வாடை அடிச்சும் வரல." என் தோளிலிருந்து முகத்தை எடுத்தாள். "போன தடவையும் இப்படித்தானங்க நின்னுச்சு."

என் சோதனை முடிந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டது அதற்குத்தான். ஆசைப்பட்ட இடத்தில் உட்கார்ந்திருந்தேன், எழுந்து ஓடிவிடத் தோன்றியது. வேலு அன்று வந்திருந்தால் வாந்தி நின்ற பழியைத் தூக்கி அவன் மேல் போட்டிருக்கலாம். அவன் வரட்டும், சுவரை இடித்துத் திரும்பப் பூசட்டும், என் மனைவி அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மோர் குடிக்கட்டும். எதிரி ஜெயிக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்ட கணவன் தில்லியில் அன்று நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன்.

"எடுத்துரு தேனு. எப்படியாச்சும் ஒரு தடவை எடுத்துரு."

"வரலியே. நான் என்ன செய்ய?"

ஷூவைக் கழற்றினேன். சாக்ஸை உருவி அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். விமான நிலையத்தில் ஒரு ஷிஃப்ட் முழுக்க உழைத்த சாக்ஸ். அவள் முகர்ந்து பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துத் தலையை ஆட்டினாள். அப்போதுதான் நான் அழுதேன். சாக்ஸைக் கையில் பிடித்தபடி.

சிஸ்டர் வந்து பார்த்தார். விஷயத்தைக் கேட்டார். சாக்ஸை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு டாக்டருக்குப் போன் போட்டுக் கொடுத்தார். "ரெண்டு நாள் முன்னாடி மருந்தை மாத்தினேன். அது வேலை செய்யலாம்," என்றார் டாக்டர். "வாந்தி வந்தா குழந்தை நல்லா இருக்குன்னும் அர்த்தமில்லை, நின்னா இல்லைன்னும் அர்த்தமில்லை. ஸ்கேன் சொல்லும். நாளைக்குக் காலையில முதல் ஆளா வாங்க." தூத்துக்குடியிலிருந்து மாமியார் வீடியோவில் கூப்பிட்டார். முட்டி ஆபரேஷன் ஆகிப் படுத்திருப்பவர். மகள் முகத்தைப் பார்த்து ஏதோ புரிந்துகொண்டு, ஒன்றுமே கேட்காமல், தன் முட்டிக் கட்டைக் கேமராவில் காட்டி, "பாருட்டி, பலாப்பழம் மாதிரி வீங்கிக் கெடக்கு" என்று கதையடித்துக்கொண்டே இருந்தார். ஹரியானாக்காரர் தன் நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு வெளியே போய் நின்றார். அன்று முழுக்க அதை எனக்கே விட்டுக்கொடுத்தார்.

காலையில் ஸ்கேனுக்கு முன்னால் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். சிறுநீர்ப்பை நிறைந்து நின்றால்தான் அதன் பின்னால் கருப்பை தெளிவாகத் தெரியும். எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் கிடந்தவள் டம்ளர் டம்ளராகக் குடித்தாள். எல்லாம் உள்ளே இருந்தது. ஒவ்வொரு டம்ளருக்கும் நாங்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தோம்.

ஸ்கேன் அறையில் என்னையும் வரச் சொன்னார் டாக்டர். அவள் தலைமாட்டில் நின்றேன். வயிற்றில் ஜெல் தடவிக் கருவியை வைத்தார். திரை அவர் பக்கம் திரும்பியிருந்தது. அவர் முகத்தைத்தான் எங்களால் பார்க்க முடிந்தது. டாக்டர்களுக்கு அந்த முகத்தை எங்கே கற்றுக்கொடுக்கிறார்களோ, ஒன்றுமே தெரியவில்லை. கருவியை அழுத்தினார். சாய்த்தார். ஒரு பொத்தானைத் தட்டினார். அப்புறம் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"தேக்கியே. தடக் ரஹா ஹை." பாருங்கள், துடிக்கிறது என்கிறார்.

கறுப்புக் குளத்துக்குள் ராஜ்மா கொட்டை அளவில் ஒன்று. அதன் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி அணைந்து எரிந்தது, அணைந்து எரிந்தது. என்ன அவசரமோ அதற்கு, நம் நாடியைவிட இரண்டு மடங்கு வேகத்தில். கையும் காலும் இப்போது துடுப்பு மாதிரி மொட்டாக இருக்கும் என்றார் டாக்டர். வாரக் கணக்குக்கு வளர்ச்சி சரியாக இருக்கிறது என்றார்.

நான் தேன்மொழியைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரச் சுவருக்குக் கிடைத்த முகமெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. கண் இமைக்கவில்லை, வாய் லேசாகத் திறந்திருந்தது. அடிவயிற்றிலிருந்து எனக்கு எரிந்துகொண்டு வந்தது. வாய் சும்மா இருக்கவில்லை.

"ஆறு வருஷத்துல ஒரு தடவையாச்சும் என்னை இப்படிப் பாத்திருக்கியா?"

"நீங்க ஒரு தடவையாச்சும் இப்படித் துடிச்சிருக்கீங்களா?"

சொன்னவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கியது. கருவி வழுக்கியது. திரையில் குளம் கலைந்து வெறும் புகையானது. ராஜ்மா இல்லை. புள்ளி இல்லை.

"ஹஸியே மத்!" சிரிக்காதீர்கள் என்று அதட்டினார் டாக்டர்.

இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். கருவி இந்தப் பக்கம் நகர்ந்தது. புகை. அந்தப் பக்கம் நகர்ந்தது. புகை. தேன்மொழியின் கை காற்றில் துழாவி என் சட்டைக் கையைப் பிடித்தது.

பிறகு, இருந்தது. அங்கேயேதான் இருந்தது, எங்களை லட்சியமே செய்யாமல் அதே வேகத்தில் துடித்துக்கொண்டு.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. நானும் திரையை விட்டு அவள் பக்கம் திரும்பவில்லை.